ஜே.ஆரிடம் போன தொண்டமான், சந்திரிகாவிடம் போன சந்திரசேகரன்

இலங்கையில் மலையகத் தமிழர் கட்சிகள் அரசாங்கத்தோடு சேர்ந்த இரண்டு வழிகளில் எது நமக்குப் பொருந்தும்? 1977 பொதுத் தேர்தலில் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதி. ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) காமினி திசாநாயக்க, சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் (இ.தொ.கா.) சௌமியமூர்த்தி தொண்டமான் மூவரும் வென்றார்கள். அடுத்த வருடமே தொண்டமான் காமினியோடு ஒரே அமைச்சரவையில்! 168இல் 140 ஆசனங்களை வைத்திருந்த ஐ.தே.க. தலைவர் ஜே.ஆர். ஜெயவர்தனவுக்கு அவருடைய வாக்கு தேவையே இல்லை. ஆனால் பெருந்தோட்டங்களில் பெரும்பாலானவை அரசின் கையில், மிகப் பெரிய தோட்டத் தொழிற்சங்கம் தொண்டமானின் கையில். தேவைப்பட்டது தோட்டத்தில் அமைதி.

1994இல் நிலைமை வேறு. சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணியிடம் 105 ஆசனங்கள், அதோடு சேர்ந்த முஸ்லிம் காங்கிரஸிடம் 7. ஆட்சிக்கு 113 வேண்டும். மலையக மக்கள் முன்னணியின் சந்திரசேகரன் கொடுத்த ஒற்றை வாக்கில் அரசாங்கம் அமைந்தது. அவருக்குப் பிரதி அமைச்சர் பதவி கிடைத்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் சந்திரசேகரனின் பிடிதான் பலமானது. ஆனால் ஐ.தே.க. பட்டியலில் வென்ற இ.தொ.கா.வினரும் சந்திரிகா பக்கம் வந்ததும் அந்த ஒற்றை வாக்கின் கனம் குறைந்துவிட்டது. தொண்டமானின் பலமான தேயிலைக் கொழுந்து அப்படியல்ல, தினமும் பறித்தாக வேண்டும். தொண்டமான் அமைச்சராக இருந்தபோதே 1984 ஏப்ரலில் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அதன் பிறகுதான் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. 1986 தைப்பொங்கலன்று நாடற்றவர்களாக இருந்த தோட்ட மக்களின் பிரஜாவுரிமைக்காகப் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பிரார்த்தனையில் உட்கார்ந்தார்கள். அந்த வருடமே சட்டம் வந்தது, 1988இல் இன்னொன்று. அமைச்சர் நாற்காலியில் இருந்துகொண்டே சொந்த அரசாங்கத்துக்கு எதிராகக் கூட்டத்தைத் திரட்ட முடிந்ததுதான் வித்தியாசம்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லாமல் விட முடியாது. 1981இலும் 1983இலும் நம் சனத்தின் லயங்களும் (தோட்டத்து வரிசை வீடுகளும்) கடைகளும் இனக் கலவரங்களில் எரிந்தன. அமைச்சரவையில் ஒருவர் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை.

2023இல் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவின் அமைச்சரவைக்குப் போன இ.தொ.கா.வின் ஜீவன் தொண்டமான், 2020இல் மொட்டுக் கட்சியான பொதுஜன பெரமுனவோடு நின்று வென்றவர். 2024 மே தினத்தில் 1,700 ரூபா நாட்சம்பளம் என்றார்கள். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின, அந்த வருடம் அடிப்படைச் சம்பளம் 1,350இல் நின்றது.

என்னைக் கேட்டால், 1978இல் தொண்டமான் போன வழிதான் நமக்குப் பொருந்தும். அப்புறம், அடுத்து யார் கூப்பிட்டாலும் சரி, லயத்துக்குப் பதிலான தனிவீட்டுக் காணிக்கு எந்தத் திகதிக்குள் உறுதிப் பத்திரம் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே நம்மவர் பதவியேற்கட்டும். அந்தத் திகதி தாண்டினால் வேலைநிறுத்தத்தை அறிவிப்பவரும் அவராகவே இருக்க வேண்டும்.