இலைக் கணக்குக்கு மைஐசாமா, இன்னோடிபியா?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுவது புதிதல்ல. யூபிஎஸ் பேட்டரி தளர்ந்திருந்தால் சர்வரும் சட்டென்று அணைந்துவிடும். தேயிலை ஃபேக்டரி ஒன்றின் பச்சை இலைக் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. பழைய மென்பொருள் மைஎஸ்கியூஎல் (MySQL) என்ற டேட்டாபேஸில் மைஐசாம் (MyISAM) டேபிள்களோடு வந்தது. அத்தனையையும் இன்னோடிபிக்கு (InnoDB) மாற்றிவிட்டேன். இரண்டும் டேபிளை டிஸ்கில் சேமித்து வைக்கும் இரு வேறு முறைகள்.

மைஐசாம் டிஸ்கில் குறைவான இடம் பிடிக்கும், மொத்த வரிகளை நொடியில் எண்ணிச் சொல்லும். எங்கள் அளவுக்கு இவை பெரிய விஷயமே இல்லை. 2010-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து மைஎஸ்கியூஎல் தானாகவே இன்னோடிபியைத்தான் எடுத்துக்கொள்கிறது.

கரண்ட் போய் வந்த பிறகு என்ன ஆகிறது? எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒரு கேள்விதான்.

மைஐசாமில் வரிகளைத் தேட உதவும் இண்டெக்ஸ் மட்டும் கெட்டிருந்தால் கவலையில்லை, 'ரிப்பேர் டேபிள்' கட்டளை அதைப் புதிதாகக் கட்டிவிடும். டேட்டா கோப்பே சிதைந்திருந்தால் மீட்க முடிந்த வரிகளை மட்டும் எடுத்துத் தந்து, எண்ணிக்கை இத்தனையிலிருந்து இத்தனை ஆனது என்று ஒரு வரி காட்டும். காணாமல் போனது எந்த விவசாயியின் சீட்டு என்று சொல்லாது. எடை ஒரு டேபிளில், பாக்கித் தொகை இன்னொன்றில் என்று இருந்தால், ஒன்றில் ஏறி மற்றதில் ஏறாமலும் நின்றுவிடும். எடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் வந்து கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது?

இன்னோடிபி, சிட்டையில் எழுதிவிட்டுப் பேரேட்டில் ஏற்றும் கணக்குப்பிள்ளை மாதிரி. மாற்றத்தை முதலில் ரீடூ லாக் என்ற அதன் சிட்டையில் பதியும். கரண்ட் வந்து சர்வர் எழும்போது அதைப் படித்து விட்டதை நிரப்பும், முடியாத பரிவர்த்தனையை ரத்து செய்யும். டேட்டாவை அது 16 கேபி பக்கங்களாக எழுதும். ஒரு பக்கம் பாதி எழுதியபடி நின்றால், முன்கூட்டியே டபுள்ரைட் பகுதியில் எழுதி வைத்த நகல் உதவும். விடியற்காலையில் யாரும் எதையும் தட்ட வேண்டியதில்லை. லாகை டிஸ்கில் எப்போது உறுதியாக எழுதுவது என்று சொல்லும் ஃப்ளஷ் அமைப்பை (innodb_flush_log_at_trx_commit) மட்டும் 1-லேயே விடுங்கள். வேகத்துக்காக 2 ஆக்கினால், கரண்ட் போகும்போது கடைசி ஒரு விநாடியின் பதிவுகள் போகலாம்.

டிஸ்க்கே கெட்டால் இன்னோடிபிதான் அதிகம் படுத்தும். சர்வரே எழாமல் போகலாம், 'ரிப்பேர் டேபிள்' அதனிடம் செல்லாது. கெட்ட கோப்போடும் சர்வரை எழுப்பப் பார்க்கும் 'ஃபோர்ஸ் ரெக்கவரி' அமைப்பை (innodb_force_recovery) 1-ல் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றி, எழுந்ததும் டம்ப் (டேட்டா முழுவதையும் தனிக் கோப்பில் எழுதிய நகல்) எடுத்துப் புதிதாக ஏற்ற வேண்டும். 4-க்கோ அதற்கு மேலோ போனால் கோப்புகள் நிரந்தரமாகக் கெடலாம். அந்த உயரத்துக்குப் போகும் நிலை எனக்கு வந்ததில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல மாட்டேன். தினசரி டம்ப் இருந்தால் அங்கே போகத் தேவையும் இராது. 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் எடை போடுவதை நிறுத்தாமலே டம்ப் எடுக்கலாம். மைஐசாமில் டேபிளைப் பூட்டியாக வேண்டும்.

மாற்றப் போகிறவர்கள் முதலில் சர்வரை நிறுத்திக் கோப்புகளை நகலெடுங்கள். பிறகு டேபிள் சரியாக இருக்கிறதா என்று 'செக் டேபிள்' ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னோடிபிக்கு மாற்றும் 'ஆல்டர்' கட்டளையைக் கொடுங்கள்.