பைத்தானின் சிஎச்மாட்: பாதி கண்டிப்பு, பாதி கண்டும் காணாமல்

ஸ்கிரிப்டில் ஃபைல் பர்மிஷன் (ஃபைலை யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி) மாற்ற நான் வழக்கமாக எடுப்பது பைத்தான் 3-இன் ஓஎஸ் மாட்யூலில் இருக்கும் சிஎச்மாட் (chmod) ஃபங்ஷன். நல்ல சரக்குதான், ஆனால் ஒரு இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

முதலில் நல்லது. பைத்தான் 2-இல் 0755 என்று எழுதினால், முன்னால் பூஜ்யம் இருக்கிறதே என்று சத்தமில்லாமல் ஆக்டலாக (எட்டு அடிமான எண், பர்மிஷனை எழுதும் வழக்கம் இதில்தான்) எடுத்துக்கொள்ளும். 2008-இல் வந்த 3.0-இலிருந்து அது செல்லாது, சின்டாக்ஸ் எரர்தான். பூஜ்யத்துக்கு அடுத்து ஆங்கில ஓ எழுத்தையும் போட்டால்தான் ஆக்டல். (பூஜ்யமும் ஓ-வும் ஒரே மாதிரி தெரியும் ஃபான்ட் வைத்திருப்பவர்கள் பாவம்.)

இப்போது வெறும் 755 என்று கொடுத்துப் பாருங்கள். லினக்ஸில் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் அது டெசிமல் (நாம் வழக்கமாக எண்ணும் பத்து அடிமான) 755, ஆக்டலில் 1363. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி, கடைசி மூன்று இலக்கங்கள் முறையே ஓனர், குரூப், மற்றவர்களுக்கு. அதாவது ஓனருக்கு 3: எழுதலாம், இயக்கலாம், படிக்க முடியாது. குரூப்புக்கு 6: படிக்கலாம், எழுதலாம். மற்றவர்களுக்கும் 3, முன்னால் நிற்கும் 1 ஸ்டிக்கி பிட் என்ற தனி அடையாளம், அது கொசுறு. ஆக, ஓனரால் தன் ஃபைலையே திறந்து படிக்க முடியாது, வருகிறவன் போகிறவன் எல்லாம் அதில் எழுதலாம். அது ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தால் ஓனர் ஓட்டவும் முடியாது, ஏனென்றால் ஷெல் அதைப் படித்தாக வேண்டுமே. இவ்வளவுக்கும் ஒரு வார்னிங்கூட வராது.

கான்ஃபிக் ஃபைலிலிருந்து பர்மிஷன் ஸ்ட்ரிங்காக வந்தால் இன்னொரு தொல்லை. நோடில் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்) '755' என்று அப்படியே கொடுத்தால் ஆக்டல் என்று புரிந்துகொள்கிறது. பைத்தானில் டைப் எரர், இன்ட் ஃபங்ஷனில் 8 என்று அடிமானம் சொல்லி நாமே மாற்ற வேண்டும். பிஎச்பி அளவுக்கு மோசமில்லை, சரி. அங்கே '0755' என்ற ஸ்ட்ரிங் டெசிமல் 755 ஆகிவிடும்.

திரும்பப் படிப்பதிலும் கொஞ்சம் தலைவலி உண்டு. ஸ்டாட் (ஃபைலின் விவரம் தரும் ஃபங்ஷன்) போட்டால் பர்மிஷனுக்கு, உதாரணமாக, 33188 என்று ஒரு எண் வரும், ஆக்டலாக மாற்றினால் 100644. முன்னால் உள்ள 100 சாதாரண ஃபைல் என்பதற்கு, மிச்சம்தான் பர்மிஷன். அந்த 644 டெசிமலில் 420, குபெர்னட்டிஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) யேம்ல் செட்டிங் ஃபைலில் இந்த ஃபோர் ட்வென்ட்டியைப் பார்த்து மிரளாதீர்கள், அதற்கு அடியில் இருக்கும் ஜேசன் வடிவத்தில் ஆக்டல் கிடையாது என்பதால் வருவது. ஸ்டாட் மாட்யூலில் உள்ள ஃபைல்மோட் மட்டும் அருமை, ஃபைல் பட்டியல் தரும் எல்எஸ் கட்டளை காட்டுவது போலவே எழுத்தில் காட்டும்.

ஐந்துக்கு மூன்றரை. ஸ்ட்ரிங்கை ஆக்டலாக வாங்கிக்கொண்டால் இன்னொன்று சேர்த்துத் தரலாம்.