மூன்று ஃபேஸுக்கு மாறும் வீட்டில் நியூட்ரல் ஒயர்: பாதியா, சமமா, இன்னும் தடிமனா?

இரண்டாவது ஏசி வந்துவிட்டது, கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஏற்கெனவே இருக்கின்றன. சிங்கிள் ஃபேஸ் தாங்காது என்று மூன்று ஃபேஸுக்கு மாறுகிறீர்கள். மீட்டரிலிருந்து டிபி (வீட்டின் மின்பங்கீட்டுப் பெட்டி) வரை புது கேபிள் இழுக்க வேண்டும். ஃபேஸ் ஒயரின் அளவை எல்லோரும் அக்கறையாகக் கேட்கிறார்கள். கரண்ட் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலின் பேச்சு வந்ததும், “அதுல கரண்டே ஓடாது சார், சின்னதா போட்டா போதும்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அது முழுப் பொய்யும் இல்லை. மூன்று ஃபேஸிலும் ஒரே அளவு லோடு இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழியமாகிவிடும். மூன்று ஃபேஸ் மோட்டார் ஓடும் மாவு மில்லுக்கு அது பொருந்தும். வீட்டில் எந்த நேரத்தில் லோடு அப்படிச் சமமாக இருக்கிறது? ஒரு ஃபேஸில் கீசரும் ஏசியும் சேர்ந்து 20 ஆம்ப்ஸ், மற்ற இரண்டிலும் தலா 5 ஆம்ப்ஸ் என்று வையுங்கள். நியூட்ரலில் 15 ஆம்ப்ஸ் ஓடும். இரவில் படுக்கையறை ஏசி மட்டும் ஓடினால், அந்த ஃபேஸில் போகிற அத்தனை கரண்டும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்புகிறது. ஃபேஸில் இருக்கும் 32 ஆம்ப்ஸ் எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) ஃபேஸைத்தான் காவல் காக்கும். மெல்லிய நியூட்ரல் சூடேறி அதன் உறை இளகினாலும் அது ட்ரிப் ஆகாது.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “அங்கேயே நியூட்ரலைச் சின்னதாகத்தானே போடுகிறார்கள்” என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். அங்கே 200 ஆம்ப்ஸ் சர்வீஸுக்கு இரண்டு 4/0 அலுமினியக் கம்பிகளோடு அவற்றைவிட மெல்லிய 2/0 நியூட்ரல் வருகிற கேபிள் சாதாரணம். ஆனால் அங்கே வாட்டர் ஹீட்டர், ஏசி போன்ற கனமான சாதனங்கள் இரண்டு உயிர்க் கம்பிகளுக்கு நடுவே 240 வோல்ட்டில் ஓடுகின்றன; அவை நியூட்ரலைத் தொடுவதே இல்லை. நம் வீட்டில் கீசர் முதல் மிக்ஸி வரை ஏறக்குறைய எல்லாமே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்டில் ஓடுபவை. அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

அதனால் என் தேர்வு ஃபேஸ் அளவுக்குச் சமமான நியூட்ரல். 10 சதுர மி.மீ. செம்பு ஃபேஸ் என்றால் நியூட்ரலும் 10. சர்வதேச மின்தர அமைப்பான ஐஇசியின் விதிகளும் 16 சதுர மி.மீ. வரையிலான செம்புக்கும் 25 வரையிலான அலுமினியத்துக்கும் நியூட்ரலைக் குறைக்க இடம் தருவதில்லை. மூன்று ஃபேஸ் கம்பியோடு மெல்லிய நியூட்ரலும் கொண்டு கடையில் கிடைக்கும் மூன்றரை கோர் கேபிளும் பொதுவாக 25 சதுர மி.மீ.யிலிருந்துதான் தொடங்குகிறது, அதில் நியூட்ரல் 16. சாதாரண வீட்டுக்கு நான்கு கம்பியும் ஒரே அளவான 4 கோர் கேபிள் வாங்கினாலே விஷயம் முடிந்துவிடும்.

சரி, இன்னும் தடிமனாகப் போட்டால்? எல்இடி, கம்ப்யூட்டர் போன்றவை 50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸ் கரண்டையும் கலந்து இழுக்கும். அந்தப் பகுதி மட்டும் மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் கூடிக்கொள்ளும். ஒவ்வொரு ஃபேஸிலும் 10 ஆம்ப்ஸோடு 4 ஆம்ப்ஸ் இப்படி இருந்தால் ஃபேஸ் ஒயரில் 10.8 (ஹெர்ட்ஸ் வேறு என்பதால் நேராகக் கூட்ட முடியாது), நியூட்ரலில் மூன்று 4 சேர்ந்து 12 ஆம்ப்ஸ். சர்வர் அறைக்கு இது பெரிய கவலை. வீட்டு பல்புகள் இழுப்பதே சொற்பம் என்பதால், மாடியில் முப்பது கம்ப்யூட்டர் வைத்து அலுவலகம் நடத்தாதவரை இதற்குச் செலவு செய்ய வேண்டாம். அந்தப் பணத்தை நல்ல லக்குக்கும் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் காது) அதை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங்குக்கும் கொடுங்கள்.

ஏனென்றால் வீட்டைக் கெடுப்பது பெரும்பாலும் நியூட்ரலின் தடிமன் அல்ல, அதன் ஜாயின்ட். நியூட்ரல் கழன்றுவிட்டால் இரண்டு ஃபேஸிலுள்ள சாதனங்கள் 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக நிற்கும். ஒன்றில் 2000 வாட் கீசர், இன்னொன்றில் 200 வாட் டிவியும் விளக்கும் என்றால், கீசருக்கு ஏறக்குறைய 36 வோல்ட், டிவிக்கு 360. கீசர் தப்பிக்கும், டிவி போய்விடும். நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் போடவே கூடாது என்பதும் இதனால்தான். மெயினில் நான்கு போல் ஐசோலேட்டர் சுவிட்ச் போட்டால் நியூட்ரலும் ஃபேஸ்களோடு சேர்ந்தே திறக்கும். அலுமினியக் கம்பியைச் செம்பு பஸ்பாரில் (கம்பிகள் வந்து சேரும் பட்டை) நேரடியாக முறுக்காமல், ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமான பைமெட்டல் லக் போடச் சொல்லுங்கள்.

பழைய வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று அறைகளுக்கு ஒரே 2.5 சதுர மி.மீ. நியூட்ரலைப் பொதுவாக விட்டிருப்பார்கள். மூன்று ஃபேஸாகப் பிரிக்கும்போது அந்த அறைகள் வெவ்வேறு ஃபேஸுக்குப் போனால், அந்த ஒற்றை நியூட்ரலில் ஒரு ஜாயின்ட் விட்டாலே அறைக்குள் 400 வோல்ட் வந்துவிடும். ஒரே ஃபேஸில் இருந்தால் இரண்டு 12 ஆம்ப்ஸ் லோடும் சேர்ந்து அதில் 24 ஆம்ப்ஸ் ஓடும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல் இழுக்க வேண்டும், டிபியில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனி நியூட்ரல் லிங்க் (நியூட்ரல்கள் சேரும் பட்டை) வேண்டும்.

எலெக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை சொல்லுங்கள். லோடு ஓடும்போது ஒரு சர்க்யூட்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து, ஒயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குள் விடட்டும். சுழியம் காட்ட வேண்டும். ஆம்ப்ஸ் கணக்கில் ஏதாவது காட்டினால், அந்த நியூட்ரல் வேறொரு சர்க்யூட்டோடு எங்கோ கலந்திருக்கிறது, அல்லது எர்த்துக்குக் கசிகிறது. கண்டுபிடித்துப் பிரித்த பிறகு பெட்டியை மூடட்டும்.