ஏர் கூலர்: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கூலர் வாங்கியதும் பலரும் செய்வது தொட்டியில் ஐஸ் போடுவது. பல கோடைகள் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன், அது வீண் வேலை. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். அதே ஒரு கிலோ தண்ணீர் பேடில் (காற்று நுழைந்து வரும் நனைந்த தட்டி) ஆவியாகும்போது இழுப்பது சுமார் 2,430 கிலோஜூல், ஏழு மடங்குக்கும் மேல். தண்ணீர் சில்லென்று ஆக ஆக ஆவியாவதும் குறையும். போதாததற்கு, ஐஸ் செய்த ஃபிரிட்ஜ் அந்த வெப்பத்தை வீட்டுக்குள்தான் கொட்டியிருக்கும்.

மணிக்கு 4 லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட 2.7 கிலோவாட், அதாவது முக்கால் டன் ஏசி இழுக்கும் வெப்பம். ஆனால் ஏசி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. கூலரில் அது நீராவியாக அதே காற்றில் தங்கிவிடுகிறது. ஆகவே கூலரை ஒரு ஜன்னலில் வைத்து வெளிக்காற்றை இழுக்க விடுங்கள், எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். கதவைச் சாத்தி ஓட்டினால் அரை மணியில் புழுக்கம்தான்.

ஊரைப் பார்த்து வாங்குங்கள். வேலூர்ப் பக்கம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் நல்ல பேட் 28 டிகிரி வரை இறக்கும். சென்னையில் 35 டிகிரி, 65 சதவீதம் என்றால் நாலு டிகிரி இறங்கினாலே பெரிது. வரும் காற்றும் பிசுபிசுக்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான தலைவலி உப்பு. தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள போர் தண்ணீரில், மணிக்கு 4 லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் ஓட்டினால் 32 கிராம் மிஞ்சும். மேலே ஊற்றிக்கொண்டே போகாமல், நாலு நாளுக்கொருமுறை தொட்டியை முழுதும் வடித்துவிடுங்கள், கொசுப்புழுவும் சேராது. பேடில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து அரை மணி ஊறவைத்து அலசுங்கள். தேன்கூடு பேட் காகிதத்தால் ஆனது, பிரஷ் போட்டுத் தேய்த்தால் பிய்ந்துவிடும். அணைக்குமுன் பம்பை நிறுத்தி 15 நிமிடம் ஃபேனை மட்டும் ஓட்டினால் பேட் காய்ந்து வாடை வராது.

குளிர்ச்சி திடீரென்று குறைந்தால் மோட்டாரைச் சந்தேகிக்குமுன் பேடைப் பாருங்கள். மேலிருந்து கீழாக வெளிறிய காய்ந்த பட்டை தெரிந்தால், மேலே தண்ணீர் பிரிக்கும் குழாயின் துளை உப்பால் அடைத்திருக்கிறது. சூடான காற்று அந்தப் பட்டை வழியே அப்படியே உள்ளே வரும். ஊக்கால் குத்தி எடுத்தால் சரியாகிவிடும்.