ஒரே 155 மி.மீ. பீரங்கி, வாங்க நான்கு வழிகள்

ராணுவக் கொள்முதலைச் சீர்திருத்த வேண்டும் என்று பேச்செடுத்தால் எல்லோரும் ரஃபேல் போர் விமானத்துக்குத்தான் ஓடுகிறார்கள். எனக்கென்னவோ பீரங்கிதான் நல்ல உதாரணமாகப் படுகிறது. ஒரே 155 மி.மீ. ரகப் பீரங்கியை (குழலின் உள்விட்டம் அது) இந்தியா நான்கு விதமாக வாங்கிப் பார்த்திருக்கிறது. எந்த வழி தேறியது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழி, உலகளாவிய போட்டி. 1986-ல் ஸ்வீடனின் போஃபர்ஸிடம் 410 பீரங்கிகள். 1987 ஏப்ரலில் லஞ்சப் புகார் வெடித்தது. ஆனால் பீரங்கியைக் குறை சொல்ல முடியாது. 1999-ல் கார்கில் மலைமுகடுகளை அடித்து நொறுக்கியது அதுதான். கெட்டுப்போனது அதற்குப் பின் வந்த கொள்முதல். டெண்டர் விடுவார்கள், சோதனையில் ஒரே ஒரு கம்பெனி தேறினால் 'போட்டி இல்லை' என்று ரத்து செய்வார்கள். அல்லது யாராவது ஒரு மொட்டைக் கடிதாசி போடுவார்கள், கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். தென்னாப்பிரிக்காவின் டெனல் 2005-ல் போனது, சிங்கப்பூர் நிறுவனம் 2012-ல். 1986 தொடங்கி 2016 நவம்பர் வரை வெளிநாட்டிலிருந்து ஒரு புதிய 155 மி.மீ. பீரங்கிக்குக்கூடக் கையெழுத்தாகவில்லை. தப்பு செய்தவனுக்குத் தண்டனை என்று ஆரம்பித்தது, எல்லையில் நிற்கும் சிப்பாய்க்குத் தண்டனையாக முடிந்தது.

இதிலேயே இன்னொரு சிக்கல், எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்ற விதி. தொழில்நுட்பச் சோதனையில் பாஸா, ஃபெயிலா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. பாஸானவர்களின் விலை உறையைப் பிரித்து, குறைந்த விலைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். 35 மார்க் வாங்கினவனும் 95 வாங்கினவனும் ஒன்று. கத்தரிக்காய்கூட நாம் அப்படி வாங்குவதில்லை.

இரண்டாவது, அரசிடமிருந்து அரசு வாங்குவது. 2016-ல் அமெரிக்காவிடம் 145 எம்-777 பீரங்கிகள். எடை நான்கு டன்னைச் சற்றே தாண்டும். சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலை உச்சியில் இறக்கலாம். தரகர் தொல்லை கிடையாது. போட்டியும் கிடையாது என்பதால் பேரம் பேசுகிற பலமும் குறைவு. 2010-ல் அமெரிக்க காங்கிரஸுக்குத் தெரிவித்த மதிப்பு 64.7 கோடி டாலர். கையெழுத்தானபோது சுமார் 73.7 கோடி. ஆறு வருடம் கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. இது அவசரத்துக்கு, சிறிய எண்ணிக்கைக்குச் சரி. 145-ல் 120 பீரங்கிகளை இங்கேயே பொருத்தினாலும், அதனால் மட்டும் பீரங்கி செய்யும் வித்தை கைக்கு வந்துவிடாது.

மூன்றாவது, போட்டியில்லாமல் அரசு ஆலையிடமே கொடுப்பது. போஃபர்ஸ் கொடுத்த வரைபடங்கள் பல ஆண்டு அலமாரியில் தூங்கின. அதைத் தூசி தட்டி ஜபல்பூரில் தனுஷ் என்ற பீரங்கியைச் செய்தார்கள், 114-க்கு ஆர்டர். நல்ல பீரங்கிதான். ஆனால் 'ஜெர்மனியில் தயாரானது' என்று சொல்லி சீன பேரிங்கைத் தள்ளிவிட்டார் என்று ஒரு சப்ளையர் மீது 2017-ல் சிபிஐ வழக்குப் பதிந்தது. வாங்குகிறவரும் அரசு, செய்கிறவரும் அரசு. ஆலை தாமதித்தால் ராணுவத்துக்குப் போக வேறு கடை இல்லை.

நான்காவதுதான் என் ஓட்டு: உள்நாட்டுத் தனியாரைப் போட்டியில் இறக்குவது. வஜ்ரா என்ற தானே நகரும் பீரங்கியைப் பாருங்கள். கொரிய வடிவமைப்பு, எல் அண்ட் டி தயாரிப்பு. 2017-ல் சுமார் 4,500 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். நூறாவது பீரங்கி 2021 பிப்ரவரியிலேயே குஜராத்தின் ஹசீரா ஆலையிலிருந்து புறப்பட்டது, கெடுவுக்கு முன்பாக. இந்தத் துறையில் இப்படி ஒரு வாக்கியம் எழுதக் கிடைப்பதே அபூர்வம்.

அடுத்தது அட்டாக்ஸ் என்ற, வண்டியில் இழுத்துச் செல்லும் பீரங்கி. அரசின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் வடிவமைப்பு, 2013-ல் தொடங்கிய திட்டம். 2020-ல் பொக்ரான் சோதனையில் குழல் வெடித்து நான்கு பேர் காயமடைந்தார்கள். வழக்கமாக அதோடு கோப்பை மூடிவிடுவார்கள். இந்த முறை காரணத்தைத் தேடித் திருத்திக்கொண்டு தொடர்ந்தார்கள். 2025 மார்ச்சில் 307 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம், சுமார் 6,900 கோடி ரூபாய். எல்-1 ஆக வந்த பாரத் ஃபோர்ஜுக்கு 60 சதவீதம், டாடாவுக்கு 40. ஒருவர் சொதப்பினாலும் இன்னொரு தயாரிப்பு வரிசை ஓடிக்கொண்டிருக்கும். குறைந்த விலை விதியை ஒழிக்காமலேயே அதன் பல்லைப் பிடுங்கிய ஏற்பாடு இது.

ஆனால் இந்த வழியையும் தாமதம் என்ற பழைய நோய் விடவில்லை. முதல் நூறு வஜ்ரா வந்து சேர்ந்தபின் அதே பீரங்கியில் அடுத்த நூறுக்குக் கையெழுத்துப் போட 2024 டிசம்பர் ஆகிவிட்டது. விலை 7,629 கோடி.