பிரசிடென்ஷியல் டாலர் காசுகள்: முகத்தை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள்

2007 முதல் 2016 வரை அமெரிக்க மின்ட் (அரசு நாணயச்சாலை) அதிபர்களின் முகம் பொறித்து வெளியிட்ட பிரசிடென்ஷியல் ஒரு டாலர் வரிசையில் பெரும்பாலான காசுகளின் மதிப்பு இன்றும் ஒரு டாலர்தான். மஞ்சள் பளபளப்பைத் தங்கம் என்று நம்ப வேண்டாம். உள்ளே செம்பு, மேலே மாங்கனீஸ் பித்தளை. உருக்கினால் ஒன்றும் தேறாது.

தட்டுப்பாடும் கிடையாது. மின்ட் இவற்றை முகமதிப்புக்கே, தபால் செலவும் வாங்காமல் வீட்டுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. கிரெடிட் கார்டு புள்ளிகளுக்காகவே பெட்டி பெட்டியாக வாங்கி, அப்படியே வங்கியில் கட்டியவர்கள் ஏராளம். 2011 டிசம்பரில் புழக்கத்துக்கான அச்சடிப்பை நிறுத்தியபோது மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கிடங்குகளில் சுமார் 140 கோடி டாலர் காசுகள் சும்மா கிடந்தன. அதனால் சாதாரண வாஷிங்டன், ஜெஃபர்சன் ரோல்களை (ஒரு ரோலில் 25 காசு) கூடுதல் விலை கொடுத்து வாங்க ஒரு காரணமும் இல்லை.

விலையை ஏற்றுவது விளிம்பு. ஆண்டு, மின்ட் குறி (அச்சடித்த ஊரைக் காட்டும் எழுத்து) எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 2007, 2008 காசுகளில் 'இன் காட் வி டிரஸ்ட்' வாசகமும் விளிம்பில்தான் இருந்தது. 2009இல்தான் அது முகப்புக்கு வந்தது. புழக்கக் காசுகளில் இரு பக்கமும் அச்சான பிறகு, வேறொரு இயந்திரம் விளிம்பு எழுத்தைப் பதிக்கும். 2007இல் ஏராளமான காசுகள் அந்த இயந்திரத்துக்குள் போகாமலே வெளியே வந்துவிட்டன. வெற்று விளிம்பு வாஷிங்டன் நிறையவே கிடைப்பதால் விலை மிதம்தான்; ஆடம்ஸில் குறைவு, விலையும் அதற்கேற்றபடி. சில ஆடம்ஸ் காசுகள் இயந்திரத்துக்குள் இருமுறை போய், எழுத்தின்மேல் எழுத்து ஏறிக் கிடக்கின்றன.

எழுத்து தலைகீழாக இருப்பதை 'எரர்' (அச்சுப் பிழை) என்று சொல்லி விற்கிறார்கள். காசு எந்தப் பக்கம் மேலாக இயந்திரத்துக்குள் போகும் என்பது தற்செயல். அதனால் இரண்டு விதமும் ஏறக்குறைய பாதிப் பாதி இருக்கும். அதற்கு ஒரு சென்ட்கூட அதிகம் தரவேண்டாம்.

வெற்று விளிம்பு என்று எதையாவது நீட்டினால் தராசும் காலிப்பரும் எடுங்கள். நல்ல காசு 8.1 கிராம், குறுக்களவு 26.5 மில்லிமீட்டர். எழுத்தை அரத்தால் ராவி எடுத்த போலியில் இரண்டும் குறையும். லென்ஸில் பார்த்தால் ராவிய கோடுகளும், முகப்பின் ஓரவளையம் ஒரு பக்கம் மெலிந்திருப்பதும் தெரியும்.

இதற்கு முந்தைய, சாகஜவியா என்ற பூர்வகுடிப் பெண்ணின் உருவம் கொண்ட டாலரில் தேட வேண்டியது 2000ஆம் ஆண்டு பிலடெல்பியா காசு. சீரியோஸ் என்ற காலை உணவுத் தானியப் பெட்டிகளில் போட்ட 5,500 காசுகளில் பலவற்றில், கழுகின் வால் இறகுகளின் நடுத்தண்டும் குறுக்கு வரிகளும் சாதாரணக் காசில் இருப்பதைவிட நுணுக்கமாக இருக்கும். இந்த வேறுபாடு பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. அதற்குள் எத்தனை பேர் செலவழித்திருப்பார்களோ! அசல் அட்டையோடு இருந்தால் இன்னும் நல்ல விலை.

2012 முதல் வந்த பிரசிடென்ஷியல்கள் சேகரிப்பாளருக்காக மட்டுமே அச்சானவை. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் கேட்பாரும் குறைவு. மின்ட் விலைக்கு வாங்கியவர் விற்கும்போது கைநஷ்டம்தான். விதிவிலக்கு 2015 ரிவர்ஸ் ப்ரூஃப் (ப்ரூஃப் என்பது சேகரிப்பாளருக்கான கண்ணாடிப் பளபளப்பு அச்சு; ரிவர்ஸில் பின்புலம் மங்கல், உருவம் பளபளப்பு): ட்ரூமன், ஐசனோவர் தொகுப்புகளுக்குத் தலா 17,000தான் உச்சவரம்பு. ஆல்பம் நிரப்ப நினைப்பவருக்கு 'எஸ்' குறியுள்ள சான் பிரான்சிஸ்கோ ப்ரூஃப் செட் போதும். மலிவு, பார்க்கவும் அழகு.

காசின் தரத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களுக்கு கிரேடிங்குக்கு அனுப்புமுன் கணக்குப் போடுங்கள். எம்எஸ் என்பது புழங்காத காசுக்கான தர அளவு, உச்சம் 70. எம்எஸ்-65 சாதாரணம், கட்டணமும் தபாலும் காசின் விலையைத் தாண்டிவிடும். பைகளில் ஒன்றோடொன்று மோதிய தழும்பில்லாமல் எம்எஸ்-68 வருவது அபூர்வம், வந்தால்தான் லாபம்.

மாங்கனீஸ் பித்தளையில் விரல் பட்ட இடம் பழுப்பாகிவிடும். புளி, பாலிஷ் எதுவும் வேண்டாம், தேய்த்த காசை நிறுவனங்கள் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறித்துத் தள்ளிவிடும். பிவிசி உறையும் கூடாது, பச்சைப் பிசுக்கு பிடிக்கும். மைலார் என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.