சிங்கப்பூர்ல ஜூ டிக்கெட் கம்மி விலைன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க, எனக்கு 364 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போச்சு

இன்னும் ஆத்திரம் அடங்கல, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

ஊர்லேர்ந்து அம்மா அப்பா, அக்கா அத்தான், அவங்க பசங்க 2 பேரு வந்திருக்காங்க. நான் இங்க வந்தே 5 மாசம்தான், சைட்டு விட்டா ரூமு. ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல பொட்டானிக் கார்டன், மண்டாய் ஜூ, சாயங்காலம் செந்தோசா அக்வேரியம்னு பிளான் போட்டேன். 7 பேருக்கு முறையா வாங்குனா 600 வெள்ளி தாண்டுது. பழைய சாமான் விக்கிற ஒரு ஆப்புல மூணும் சேத்து காம்போ 364 வெள்ளின்னு ஒருத்தன் போட்டிருந்தான். மெசேஜ் போட்டேன், உடனே வாய்ஸ் நோட்டு, "அண்ணே நம்ம ஊரு பேச்சு மாதிரி இருக்கே, நாகப்பட்டினமா?"ன்னு. அங்கதாங்க விழுந்தேன். ஆப்புல கட்டுனா கமிஷன் போவும்னான், பேநவ்ல (போன் நம்பர வச்சு பேங்க்லேர்ந்து பேங்குக்கு காசு அனுப்புறது) நேரா அனுப்பிட்டேன். 364 வெள்ளி, ஊர்க்காசுக்கு 24 ஆயிரம் கிட்ட.

காலையில கார்டன் வாசல்ல டிக்கெட்ட காட்ட ஆளத் தேடுறேன், ஒருத்தருமே இல்ல. வாக்கிங் வந்த பெரியவர் ஒருத்தர் சிரிக்கிறாரு, "தம்பி, இது காலைல 5 மணிலேர்ந்து நடுராத்திரி வரைக்கும் எல்லாருக்கும் ஃப்ரீ"ன்னு. யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கற எடம், சும்மா விடுவாங்களான்னு நானே நெனச்சிருந்தேன்! அவன்கிட்ட கேட்டா "அது உள்ள இருக்க ஆர்க்கிட் கார்டனுக்குண்ணே"ங்குறான். அங்க போனா ஸ்கேன் ஆவல. "சிஸ்டம் ஸ்லோ, ஜூல ஓகே ஆயிடும்"னான். அப்பவே புரிஞ்சிருக்கணும்.

காத்திப் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல எறங்கி ஷட்டில் புடிச்சு மண்டாய் போனா, 2 நாள் முன்னாடியே யூஸ் பண்ண டிக்கெட்டாம். ஒரே டிக்கெட்ட எத்தன பேருக்கு வித்தானோ. கவுண்டர் பொண்ணு பாவம், மெதுவாத்தான் சொல்லிச்சு. கையில இருந்த காசுக்கு அக்காவையும் பசங்களையும் மட்டும் உள்ள அனுப்பிட்டு, நாங்க வெளியில ஒக்காந்து புளிசோறு சாப்புட்டோம். "மீனு நாகப்பட்டினத்துல பாக்காததாப்பா, விடு"ன்னு அப்பா சொன்னாரு பாருங்க, அதான் தாங்கல.

அவன் மொதல்ல 3 நாள்ல ரீஃபண்டுன்னான், அப்பறம் சப்ளையர் தப்புன்னான், அப்பறம் பிளாக். ஆப்புக்காரங்க "வெளியில காசு அனுப்புனதுக்கு நாங்க பொறுப்பில்ல"ன்னு ரெடிமேடா ஒரு பதில். பேங்க்ல "நீங்களேதான சார் அனுப்புனீங்க, போலீஸ் ரிப்போர்ட் போடுங்க". போட்டாச்சு. 364 வெள்ளி வருமான்னு கேட்டா யாருக்கும் தெரியல.

என்ன பண்ணணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. ஜூ, அக்வேரியம் டிக்கெட் அவங்க சொந்த வெப்சைட்லயே வாங்குங்க. ஆப்புக்கு வெளியில காசு அனுப்பாதீங்க. சந்தேகம்னா 1799க்கு (இங்க மோசடி பத்தி கேக்குற ஹெல்ப்லைன்) அடிச்சுக் கேளுங்க, காசு அனுப்புறதுக்கு முன்னாடியே. தமிழ்ல பேசுறான்னு மயங்காதீங்க.

நாளைக்கு அவங்களுக்கு ஃபிளைட்டு. சின்னவன் இன்னும் "மாமா அந்த பெரிய மீன் தொட்டி எப்போ?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான்.